ஆஸ்பத்திரி இரவுக்குக் காசு தரும் காப்புறுதி: உங்கள் வீட்டுக்குக் கட்டுப்படியாகுமா?

காப்புறுதி முகவர் வீட்டுக்கு வந்தால் ஆயுள் காப்புறுதியை விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் எடுப்பார். ஆனால் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்காருவது ஒரே ஒரு இடத்தில்தான்: "ஆஸ்பத்திரியிலை ஒரு இரவு நிண்டால் இவ்வளவு காசு அக்கா. கவுண்மேந்து ஆஸ்பத்திரி எண்டாலும் தருவினம்." செத்த பிறகு வரும் காசைவிட இருக்கும்போது கைக்கு வரும் காசு யாருக்கும் பிடிக்கும். அந்த ஒரு வசனத்தை நம்பியே இருபது வருடப் பொலிசியில் கையெழுத்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே அந்த வசனத்தை மட்டும் தனியே எடுத்து, அதற்குக் கொடுக்கும் விலை சரிதானா என்று பார்ப்போம்.

முதலில் ஒன்றோடொன்று குழம்பும் மூன்று விஷயங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். முகவர்கள் 'ஹொஸ்பிட்டல் காஷ்' என்று சொல்வது இரவுக் கொடுப்பனவு. வாட்டில் எத்தனை இரவு தங்கினீர்களோ அத்தனை தடவை ஒரு நிலையான தொகை வரும். பில் கேட்க மாட்டார்கள், என்ன செலவு என்றும் கேட்க மாட்டார்கள். இரண்டாவது வகை செலவு மீளளிப்பு. தனியார் ஆஸ்பத்திரியில் கட்டிய பணத்தை, பில்லைக் காட்டினால், ஒரு வரம்பு வரை திருப்பித் தருவார்கள். மூன்றாவது லண்டனில் இருக்கும் சொந்தக்காரர் தொலைபேசியில் சொல்லும் 'ஹெல்த் காஷ் பிளான்'. அது பல்லுக்கும் கண்ணாடிக்கும் கட்டிய காசில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் திட்டம். பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் பொருள் வேறு. "நாங்கள் இஞ்சை வைச்சிருக்கிறம், நல்லது, நீங்களும் போடுங்கோ" என்று அவர்கள் சொல்வதை வைத்து இங்கே முடிவெடுக்கக் கூடாது.

இனி வருவது முதலாவது வகையைப் பற்றியது. இலங்கையில் இது பெரும்பாலும் தனியாக விற்கப்படுவதில்லை. ஆயுள் பொலிசியோடு ஒட்டிய மேலதிக நன்மையாகத்தான் வரும்.

இந்தக் காசு எதற்கு?

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பொது வைத்தியசாலைகளிலோ, மல்லாவி, புதுக்குடியிருப்பு ஆதார வைத்தியசாலைகளிலோ கட்டிலுக்கும் வைத்தியருக்கும் சத்திரசிகிச்சைக்கும் காசு இல்லை. 1990 அம்புலன்சுக்கும் காசு இல்லை. அப்படியானால் ஆஸ்பத்திரியில் நின்ற வீட்டுக்குக் காசு எங்கே போகிறது? பக்கத்தில் நிற்பவரின் சாப்பாடு, வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடும் ஓட்டோ, வாட்டில் இல்லாத மருந்தை வெளிப் பாமசியில் வாங்குவது, அவசரத்துக்கு வெளியே செய்யும் இரத்தப் பரிசோதனை அல்லது ஸ்கான். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு மாற்றிவிட்டால் பஸ்சும் தங்குமிடமும் சேரும். இவை எல்லாவற்றையும்விடப் பெரியது விடுபட்ட கூலி. நோயாளியின் கூலி ஒன்று, துணைக்கு நிற்பவரின் கூலி இன்னொன்று.

ஆக, அரச ஆஸ்பத்திரிக்குப் போகும் வீட்டில் இரவுக் கொடுப்பனவு வைத்தியச் செலவை மூடுவதில்லை. அது மூடுவது கூலி இழப்பை. இதை மனதில் வைத்தால் பல முடிவுகள் தாமாகவே தெளியும். மாதச் சம்பளமும் சுகயீன விடுமுறையும் உள்ள ஆசிரியருக்கு மூன்று இரவு வாட்டில் நின்றால் சம்பளம் குறையாது. மேசன் வேலைக்குப் போகிறவருக்கு, கடலுக்குப் போகிறவருக்கு, சீவல் தொழில் செய்கிறவருக்கு மூன்று நாள் போனால் மூன்று நாள் வருமானம் போனதுதான். ஒரே பொலிசி, ஆனால் இரண்டு வீட்டுக்கும் அதன் பெறுமதி ஒன்றல்ல.

இன்னொன்றை முகவர் பெரும்பாலும் சொல்ல மாட்டார். இந்தக் காசு ஆஸ்பத்திரிக்குப் போகும் இரவில் வராது. துண்டு வெட்டி வீட்டுக்கு வந்து, கடதாசிகளைக் கொடுத்து, அவர்கள் பார்த்து முடித்த பிறகுதான் வங்கிக்கு வரும். கடதாசி எல்லாம் சரியாக இருந்தாலும் கிழமைக் கணக்கு எடுக்கும். ஆகவே அன்றிரவு ஓட்டோவுக்கும் சாப்பாட்டுக்கும் வேறு கைக்காசு வேண்டும். அது இல்லாத வீடு பொலிசி இருந்தாலும் தோட்டை அடகுக்குக் கொண்டுபோகத்தான் போகிறது.

அந்த அடகையே ஒரு அளவுகோலாக எடுக்கலாம். 20,000 ரூபாவுக்கு நகை வைத்து, மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி என்று வைத்தால் மூன்று மாதத்துக்கு வட்டி 1,200 ரூபா. வருடம் 7,200 ரூபா பிரீமியம் கட்டுவது இந்த 1,200 ரூபாவைத் தவிர்க்கவா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. காப்புறுதிக் காசைத் திருப்பிக் கட்டத் தேவையில்லை, அடகு முதலைக் கட்ட வேண்டும். ஆனாலும் பொலிசி இல்லாத வீடு நடுத்தெருவுக்கு வந்துவிடும் என்ற பயம் எவ்வளவு தூரம் சரி என்பதை இந்தக் கணக்குக் காட்டும்.

பையில் இருக்கும் துண்டுகளை எண்ணுங்கள்

ஒவ்வொரு வீட்டிலும் அலுமாரிக்குள் ஒரு பொலித்தீன் பை இருக்கும். கிளினிக் கொப்பி, பழைய எக்ஸ்ரே, ஆஸ்பத்திரியில் இருந்து வரும்போது தந்த நோய் நிர்ணய அட்டைகள் எல்லாம் அதற்குள் கிடக்கும். அந்தப் பையை எடுத்துக் கொட்டி, கடந்த ஐந்து வருட அட்டைகளை மட்டும் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் அனுமதித்த திகதியும் வெளியேறிய திகதியும் இருக்கும். இடையில் எத்தனை இரவு என்று எழுதுங்கள், யாருடைய இரவு என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

ஒரு உதாரணம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், மனைவியின் தாய் உள்ள வீடு என்று வைப்போம். ஐந்து வருடத்தில் மூத்த பிள்ளைக்கு டெங்கு, 4 இரவு. கணவனுக்கு எலிக்காய்ச்சல், 5 இரவு. மனைவிக்குப் பிள்ளைப்பேறு, 3 இரவு. மாமிக்கு நெஞ்சுநோ இரண்டு தடவை, 6 இரவும் 4 இரவும். சின்னவனுக்குக் காய்ச்சல், 2 இரவு. மொத்தம் 24 இரவு.

முகவரின் திட்டத்தில் இந்த நன்மைக்கு மட்டும் மாதம் 600 ரூபா, இரவுக்கு 2,000 ரூபா என்று வைப்போம். ஐந்து வருடத்துக்குக் கட்டுவது 36,000 ரூபா. 24 இரவை 2,000ஆல் பெருக்கினால் 48,000. இலாபம்போலத் தெரியும். இப்போது பொலிசிக்குள் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். கணவனும் மனைவியும் பிள்ளைகளும்தான். மாமி இல்லை. 10 இரவு போயிற்று. பிள்ளைப்பேற்றைப் பல பொலிசிகள் விலக்கி வைக்கும். 3 இரவு போயிற்று. மிச்சம் 11 இரவு, 22,000 ரூபா. சில திட்டங்களில் ஒவ்வொரு அனுமதியிலும் முதல் இரவுக்குக் காசு இல்லை. அப்படியானால் மூன்று அனுமதிக்கு மூன்று இரவு கழிந்து 8 இரவு, 16,000 ரூபா. கட்டியது 36,000, வந்திருக்கக்கூடியது 16,000.

இந்தக் கணக்கில் மாமியின் பத்து இரவுதான் கண்ணைத் திறக்க வேண்டிய இடம். வன்னியில் ஒரு வீட்டில் அதிகம் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் அந்த வீட்டின் வயதானவர்கள். அவர்களைத்தான் இந்தத் திட்டங்கள் வெளியே வைக்கின்றன. பொலிசிக்காரருக்கும் இந்த நன்மை ஒரு வயதோடு நின்றுவிடும், அறுபது, அறுபத்தைந்து என்று பொலிசியில் எழுதியிருக்கும். இரவுகள் கூடத் தொடங்கும் காலத்தில் காப்பு முடிகிறது என்பதை நாற்பது வயதில் கையெழுத்து வைக்கும்போது யாரும் யோசிப்பதில்லை.

காப்புறுதி சராசரிக்காக எடுப்பதல்ல, கெட்ட வருடத்துக்காக எடுப்பது என்று முகவர் சொல்லலாம். நியாயமான பேச்சு. அந்தக் கெட்ட வருடத்தையும் பார்ப்போம். உழைக்கும் ஒரே ஆள் மோட்டார்சைக்கிளில் விழுந்து தொடை எலும்பு முறிந்து 21 இரவு வாட்டில் கிடக்கிறார். 42,000 ரூபா வரும். அந்த நேரத்தில் அது பெரிய காசுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் வீட்டுக்கு வந்த பிறகு மூன்று, நான்கு மாதம் வேலைக்குப் போக முடியாது. அந்த நாட்களுக்கு இந்தத் திட்டத்தில் ஒரு சதமும் இல்லை, ஏனென்றால் அவர் படுத்திருப்பது வீட்டுக் கட்டிலில். உடல் உழைப்பில் வாழும் வீட்டுக்கு விபத்தால் வேலை செய்ய முடியாமல் போகும் காலத்துக்கும், நிரந்தர அங்கவீனத்துக்கும் பணம் தரும் நன்மை இதைவிட முக்கியம். அதே முகவரிடம் அதற்குத் தனியாக விலை கேளுங்கள். இரண்டில் ஒன்றுதான் எடுக்க முடியும் என்றால் எங்கள் தெரிவு விபத்துக் காப்புத்தான்.

இரவு கணக்கில் வராத நோய்கள்

'ஆஸ்பத்திரிக்குப் போனால் காசு' என்பது வேறு, 'வாட்டில் அனுமதித்து இரவு தங்கினால் காசு' என்பது வேறு. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் சிறுநீரக நோயோடு வாழும் விவசாயக் குடும்பங்கள் இருக்கின்றன. இரத்தச் சுத்திகரிப்புக்குக் கிழமைக்கு இரண்டு, மூன்று தடவை போய், நான்கு மணித்தியாலம் இருந்துவிட்டு அன்றே திரும்புகிறார்கள். வருடம் முழுக்க ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தாலும் இரவு தங்காததால் சாதாரண இரவுத் திட்டத்தில் அது பூச்சியம். தெல்லிப்பழையில் கதிர்ச் சிகிச்சைக்குப் போகிறவர் வெளியே தங்கி நாளாந்தம் போய்வந்தால் அதுவும் அப்படித்தான். கண் வில்லை மாற்றி அன்றே விட்டுவிட்டால் அதுவும் இல்லை. கிளினிக்கும் வெளிநோயாளர் பிரிவும் சொல்லவே தேவையில்லை. சில பொலிசிகளில் பகல்நேரச் சிகிச்சைக்கு ஒரு சிறிய பட்டியல் இருக்கும், அந்தப் பட்டியலை வாங்கிப் பாருங்கள். நாட்டு முறிவு வைத்தியருக்கும் சித்த வைத்தியசாலைக்கும் பெரும்பாலும் இடமில்லை.

பாம்புக்கடி இன்னொரு சிக்கல். வயலிலும் வரம்பிலும் வேலை செய்கிறவர்களுக்கு இது அன்றாட ஆபத்து. ஆனால் அது விபத்தா, நோயா? பொலிசி தொடங்கியவுடன் விபத்துக்குக் காப்பு உண்டு. நோய்க்கு ஒரு காத்திருப்புக் காலம் இருக்கும், திட்டத்தைப் பொறுத்து முப்பது நாளில் இருந்து சில மாதம் வரை. கடி எந்தப் பக்கத்தில் விழுகிறது என்று பொலிசிக்குப் பொலிசி வேறுபடலாம். கையெழுத்து வைப்பதற்கு முன் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

உடம்பில் இருக்கும் ஷெல் துண்டு

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொழும்பில் அச்சடித்த விளக்கப் பிரசுரத்தில் இது இருக்காது. 2009க்குப் பிறகும் உடம்பில் சன்னத்தோடும் ஷெல் துண்டோடும் வாழ்கிறவர்கள் வன்னியில் ஏராளம். விண்ணப்பப் படிவத்தில் 'முன்னர் காயம், சத்திரசிகிச்சை, நோய் ஏதும் உண்டா' என்று ஒரு கேள்வி வரும். "அக்கா, அதெல்லாம் எழுதினால் இழுபடும், இல்லை எண்டு போடுவம்" என்று படிவத்தை நிரப்புகிறவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கையெழுத்து உங்களுடையது. ஐந்து வருடம் கழித்து அந்தத் துண்டு சீழ் பிடித்து வாட்டில் அனுமதித்தால், நோய் நிர்ணய அட்டையில் வைத்தியர் 'பழைய ஷெல் காயம்' என்றுதான் எழுதுவார். அப்போது அந்த ஒரு கோரிக்கை மட்டும் நிராகரிக்கப்படுவதோடு நிற்காது. உண்மையை மறைத்தீர்கள் என்று பொலிசி முழுவதையுமே கேள்விக்குள்ளாக்க முடியும், மரணக் கொடுப்பனவு உட்பட.

எழுதினால் என்ன நடக்கும்? ஒன்றில் அந்தக் காயத்தை மட்டும் விலக்கி வைத்துப் பொலிசி தருவார்கள், அல்லது பிரீமியத்தைக் கூட்டுவார்கள், அல்லது வைத்தியப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். மூன்றும் பின்னால் வரும் நிராகரிப்பைவிட நல்லது. சீனி, பிரஷர், ஆஸ்மா எல்லாவற்றுக்கும் இதே விதிதான். கிளினிக் கொப்பியில் இருப்பது படிவத்திலும் இருக்க வேண்டும்.

யுத்தம், கிளர்ச்சி போன்றவற்றால் வரும் காயத்தைக் காப்புறுதிகள் பொதுவாக விலக்கும். காணி துப்புரவாக்கும்போதோ குப்பை எரிக்கும்போதோ பழைய வெடிபொருள் வெடித்தால் அது அந்த விலக்கலுக்குள் வருமா, விபத்தா? இதற்கும் எழுத்தில் பதில் கேளுங்கள். கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போகிறவர்கள் தொழிலைச் சரியாக எழுத வேண்டும். பொலிசி எடுத்த பிறகு தொழில் மாறினாலும் அறிவிக்க வேண்டும்.

மாரியில் விட்டுப்போகும் பொலிசி

இரவுத் திட்டங்கள் பயன்படாமல் போவதற்கு நிராகரிப்பு மட்டும் காரணமில்லை. பிரீமியம் கட்டாமல் பொலிசி காலாவதியாகிக் கிடப்பதும் ஒரு காரணம். இது எந்த மாதத்தில் நடக்கிறது என்று பாருங்கள். காலபோக விதைப்பு, உரம், கிருமிநாசினி என்று கையில் இருப்பது எல்லாம் வயலுக்குள் போகும் மாதங்களில். ஐப்பசியில் ஒரு மாதத் தவணை தவறும், கார்த்திகையில் இன்னொன்று. தவணைக்குக் கொடுக்கும் சலுகைக் காலம் பொதுவாக முப்பது நாள். அது முடிய காப்பு நின்றுவிடும். மழை விழுந்து, டெங்கும் எலிக்காய்ச்சலும் கூடி, வாட்டில் பாய் போட்டுப் படுக்கும் நேரம் பார்த்துப் பொலிசி செத்துக் கிடக்கும். மாசியில் அறுவடைக் காசு வந்ததும் நிலுவையைக் கட்டிப் பொலிசியை எழுப்பினால், காத்திருப்புக் காலம் மறுபடியும் முதலில் இருந்து தொடங்கலாம்.

வயலை நம்பிய வீடு இதை எடுப்பதானால் மாதத் தவணை வேண்டாம். அறுவடை முடிந்த கையோடு வருடக் கட்டணமாகக் கட்டுங்கள், பொதுவாக அதற்குச் சிறு கழிவும் உண்டு. கட்டும் காசை முகவரின் கையில் கொடுக்காமல் வங்கியில் நேரே போடுங்கள். கையில் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் நிறுவனத்தின் அச்சடித்த பற்றுச்சீட்டும் தொலைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியும் இல்லாமல் விடாதீர்கள். கொப்பியில் எழுதிவிட்டுப் போவது பற்றுச்சீட்டல்ல.

தொகை நிலையானது என்பதிலும் ஒரு பொறி உண்டு. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் நூற்றுக்கு எழுபதை ஒட்டிப் போனது. அதற்கு முன் 'இரவுக்கு ஆயிரம்' என்று எடுத்த பொலிசியில் இன்றும் ஆயிரம்தான் எழுதியிருக்கும். எடுத்த காலத்தில் அந்த ஆயிரம் ஒரு நாள் கூலியில் எவ்வளவு, இன்று எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். வருடாவருடம் தொகை கூடும் ஏற்பாடு இருக்கிறதா, அதற்குப் பிரீமியம் எவ்வளவு கூடும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஏற்கெனவே கையில் இருப்பது

புதிதாக ஒன்று வாங்குமுன் வீட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தேடுங்கள். அரச ஊழியர் ஒருவர் வீட்டில் இருந்தால் சம்பளப் பட்டியலில் 'அக்ரஹார' என்று ஒரு கழிவு இருக்கும். தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்தும் அந்தக் காப்பு வாழ்க்கைத் துணைக்கும் பிள்ளைகளுக்கும் சேரும். மாதாமாதம் கழிபட்டும் ஒரு தடவைகூடக் கோராத ஆசிரியர்கள் பலர். பாடசாலைப் பிள்ளைகளுக்கு 'சுரக்ஷா' மாணவர் காப்புறுதி இருக்கிறது. நடப்பு வருட விதியையும் படிவத்தையும் அதிபரிடம் கேளுங்கள். சமுர்த்தி சமூகப் பாதுகாப்பு நிதியத்தில் முன்பு சேர்ந்திருந்தால், இப்போது என்ன கிடைக்கும் என்று சமுர்த்தி உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள்.

கடன் புத்தகங்களையும் பிரித்துப் பாருங்கள். சிறுகடனோ லீசிங்கோ எடுக்கும்போது 'காப்புறுதி' என்று ஒரு தொகையைக் கழித்திருந்தால் அது எதற்கு என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சில வேளை அதற்குள் ஆஸ்பத்திரிக் கொடுப்பனவும் இருக்கும். கைத்தொலைபேசி மீதியில் இருந்து நாளுக்குச் சில ரூபாவாகக் கழிபடும் திட்டத்திலும் யாராவது சேர்ந்திருக்கலாம். இரவுக் கொடுப்பனவு பில்லுக்கு எதிராகத் தருவது அல்ல என்பதால், பொதுவாக ஒரே தங்கலுக்கு இரண்டு இடத்திலும் கோரலாம். ஆனால் புதிய விண்ணப்பத்தில் மற்றக் காப்புறுதிகளைக் கேட்டால் மறைக்கக் கூடாது.

சத்திரசிகிச்சைக்குப் பெருந்தொகை தேவைப்படும் பாரிய நோய்களுக்கு ஜனாதிபதி நிதியம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். அந்த அளவு செலவுக்கு இரவுக்கு இரண்டாயிரம் ஈடாகாது.

எடுப்பதா, விடுவதா

யாருக்கு விடலாம் என்பது சுலபம். அக்ரஹார உள்ள வீடு, சுகயீன விடுமுறைச் சம்பளம் உள்ள வீடு, வங்கியில் ஒரு மாதக் குடும்பச் செலவைத் தொடாமல் வைத்திருக்கும் வீடு, இவர்களுக்கு இது தேவையில்லை. அந்த மாதம் 600 ரூபாவைத் தனிப் புத்தகத்தில் போட்டால் ஐந்து வருடத்தில் வட்டியைத் தவிர்த்து 36,000. அது மாமிக்கும் பயன்படும், பிள்ளைப்பேற்றுக்கும் பயன்படும், இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் ஓட்டோவுக்கும் பயன்படும், யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. அதன் பலவீனம் முதல் வருடம்தான். பத்து மாதத்தில் விபத்து வந்தால் புத்தகத்தில் 6,000 ரூபாதான் இருக்கும். இன்னொரு பலவீனம், சேமிப்பில் கை வைக்காமல் இருப்பது. கோயில் திருவிழா, சாமத்திய வீடு, பிள்ளையின் ரியூசன் காசு எல்லாம் அதற்குள்தான் கை வைக்கும்.

எடுக்கலாம் என்றால் அது நாட்கூலியில் ஒருவர் மட்டும் உழைக்கும் வீடு, சேமிப்பு இல்லை, உழைப்பவர் ஐம்பதுக்குக் கீழே, வேறு காப்பு எதுவும் இல்லை. அந்த வீட்டிலும் இரண்டு நிபந்தனை. இரவுக் கொடுப்பனவு ஒரு நாள் கூலியில் பாதியாவது இருக்க வேண்டும். இந்த நன்மைக்கான வருடப் பிரீமியம் மூன்று இரவுத் தொகையைத் தாண்டக் கூடாது. இது எங்கள் கைக்கணக்கு, சட்டமல்ல. 3,000 ரூபா கூலிக்காரருக்கு இரவுக்கு 500 தரும் திட்டம் பேச்சுக்குத்தான் உதவும்.

இரவுக் காசுக்காகப் பெரிய சேமிப்புப் பொலிசி ஒன்றை வாங்குவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. மாதம் 5,000 கட்டும் பொலிசியில் இந்த நன்மையின் பங்கு 600 ஆக இருக்கலாம். முதல் வருடங்களில் நிறுத்தினால், பல பொலிசிகளில் மூன்று வருடம் முடியும் வரை, கட்டியதில் ஒன்றும் திரும்பாது. ஆகவே முகவரிடம் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "ஆஸ்பத்திரி நன்மைக்கு மட்டும் எவ்வளவு, அதைப் பிரிச்சு எழுதித் தாங்கோ." பிரித்துத் தர முடியாது என்றால் அங்கேயே நிறுத்தலாம்.

பொலிசி கைக்கு வந்த பிறகும் அவகாசம் உண்டு. ஆயுள் பொலிசிகளில் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கப் பொதுவாக 21 நாள் தருவார்கள், சரியான எண்ணிக்கை பொலிசியிலேயே இருக்கும். அந்த நாட்களுக்குள் நன்மை அட்டவணையையும் விலக்கல் பக்கத்தையும் ஒருவரைக் கொண்டு வாசியுங்கள். ஆங்கிலத்தில் அல்லது சிங்களத்தில் மட்டும் இருந்தால் தமிழ்ப் பிரதி கேளுங்கள். குறிக்க வேண்டியவை: குறைந்தது எத்தனை இரவு, முதல் இரவு உண்டா, வருடத்துக்கு உச்ச எண்ணிக்கை, அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இரட்டிப்பா, காத்திருப்புக் காலம், முடியும் வயது, எத்தனை நாளுக்குள் கோர வேண்டும்.

கோரும்போது கடதாசி எங்கே பிழைக்கிறது

அனுமதிப் பிரிவில் பெயர் சொல்லும் அந்த நிமிடத்தில்தான் பாதிக் கோரிக்கைகளின் தலைவிதி எழுதப்படுகிறது. துணைக்கு வந்தவர் பதற்றத்தில் வீட்டுப் பெயரைச் சொல்லிவிடுவார். அடையாள அட்டையில் வேறு பெயர் இருக்கும். தகப்பன் பெயர் முன்னாலா பின்னாலா, முதலெழுத்து என்ன, ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று எல்லாம் மாறும். இடப்பெயர்வில் ஆவணங்கள் தொலைந்து மறுபடி எடுத்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து. ஆகவே அனுமதிக்கும்போது அடையாள அட்டையை நீட்டுங்கள், பார்த்து எழுதட்டும். பெயர் ஏற்கெனவே பிசகியிருந்தால் இரண்டும் ஒரே ஆள் என்று கிராம அலுவலரிடம் கடிதம் எடுத்து, பொலிசி எடுக்கும்போதே கொடுத்து வையுங்கள்.

துண்டு வெட்டும்போது நோய் நிர்ணய அட்டையை வாட்டிலேயே நின்று வாசியுங்கள். இரண்டு திகதியும், படுக்கைச்சீட்டு இலக்கமும், வைத்தியரின் கையெழுத்தும் முத்திரையும், ஆஸ்பத்திரி முத்திரையும் இருக்கிறதா? கோரிக்கைப் படிவத்தில் வைத்தியர் நிரப்பும் பகுதி இருந்தால் வெளியேறுவதற்கு முந்தின நாளே தாதியிடம் சொல்லி வையுங்கள். வீட்டுக்குப் போய்விட்டு இரண்டு கிழமை கழித்து வந்தால் வாட்டு வைத்தியர் மாறியிருப்பார், கோப்பு பதிவறைக்குப் போயிருக்கும். மல்லாவியில் இருந்து கிளிநொச்சிக்கும், அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கும் மாற்றினால் ஒவ்வொரு இடத்துக் கடதாசியும் வேண்டும். கடைசி அட்டையில் கடைசி ஆஸ்பத்திரியின் இரவுகள்தான் இருக்கும்.

சொல்லாமல் வெளியே வருவது இன்னொரு வழியில் காசை இழப்பது. அறுவடை மெசின் வந்துவிட்டது என்று மூன்றாம் நாள் எழுந்து போகிறவருக்கு அட்டை கிடைக்காது, அல்லது வைத்திய ஆலோசனைக்கு மாறாகச் சென்றார் என்று எழுதப்படும். உடம்புக்கும் கேடு, கோரிக்கையும் போயிற்று.

மூல அட்டையை நிறுவனத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள், அடுத்த கிளினிக்குக்கு அதுதான் வேண்டும். சமாதான நீதவான் உறுதிப்படுத்திய பிரதியை ஏற்பார்களா என்று கேளுங்கள். மூலம்தான் வேண்டும் என்றால் நல்ல பிரதி இரண்டு வைத்துக்கொண்டு, பெற்றதற்கு எழுத்து வாங்குங்கள். அத்தோடு அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கப் பிரதி, நிரப்பிய படிவம். எல்லாவற்றையும் கிளைக் காரியாலயத்தில் திகதி முத்திரையோடு கொடுங்கள்.

நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், எந்த விதியின்படி என்றும் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்குத் தமிழில் எழுதலாம். அது சரிவராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், அவரிடம் முறையிடக் கட்டணம் இல்லை. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். கடிதத்தோடு பொலிசிப் பிரதி, நிராகரிப்புக் கடிதம், அட்டைப் பிரதி மூன்றும் போக வேண்டும். முகவர் வாயால் சொன்னதை வைத்து வாதாட முடியாது, எழுத்தில் வாங்கிய பதில்கள் உதவுவது இங்கேதான்.

ஏற்கெனவே பொலிசி இருந்து, கணக்குப் பார்த்ததில் இரவு நன்மை மட்டும் கட்டுப்படியாகவில்லை என்றால் முழுப் பொலிசியையும் நிறுத்த வேண்டியதில்லை. அடுத்த வருட நிறைவுத் திகதிக்கு முன் இந்த மேலதிக நன்மையை மட்டும் நீக்கும்படி கிளைக்கு எழுதிக் கொடுங்கள். குறைந்த புதிய பிரீமியத்தைக் காட்டும் திருத்தக் கடிதம் கைக்கு வரும் வரை பழைய தொகையையே கட்டுங்கள். நீங்களாகக் கழித்துக் கட்டினால் அது பாதித் தவணை என்று கணக்காகி, ஆயுள் காப்பும் சேர்ந்து காலாவதியாகும்.